நின்று பார்த்த தரை

தை மாதக் கடைசியில், ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போன டிராக்டர் மதகடி வளைவில் குடை சாய்ந்தபோது, பெரியசாமியின் இடது தொடை எலும்பு இரண்டாக முறிந்தது. குற்றம் அவனுடையதுதான். வளைவில் வேகத்தைக் குறைத்திருக்க வேண்டும், குறைக்கவில்லை. பெரம்பலூர் மருத்துவமனையில் எலும்புக்குள் கம்பி வைத்துத் தைத்து, பதினான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். எறையூருக்குத் தெற்கே, கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே இருந்தது அந்தக் கான்கிரீட் வீடு. பதினைந்தடி நீளத்தில் ஒரே அறை. பின்னால் தகரம் வேய்ந்த அடுப்படி. அறையின் உள்கோடியில் கட்டிலைப் போட்டு அவனைக் கிடத்தினார்கள். கால்மாட்டில், தொலைவில், தெருவாசல் தெரிந்தது. பக்கத்தில் சுவர் தெரிந்தது. கீழே தரை தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை.

நாற்பத்தேழு வயதுவரை ஓர் இடத்தில் நிலையாக உட்கார்ந்து பழகாதவன் அவன். அப்படிப்பட்டவனுக்குத் தன் மனைவியை முதன்முதலாகக் கண்கொண்டு பார்க்க வாய்த்தது, அந்தக் கட்டிலில் கிடந்த மாதங்களில்தான்.

சம்பூர்ணம் மீன்சுருட்டிப் பக்கம் பிறந்தவள். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் பெரியசாமிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். முதல் பத்து ஆண்டுகள் கரும்பு வெட்டினாள். சின்ன வெங்காயக் கொல்லைகளில் களையெடுத்தாள். பிறகு பெரம்பலூரில் ஒரு டைல்ஸ் கடையில் சேர்ந்தாள். பெட்டிகளை இறக்குவது, தூசி துடைப்பது, வாடிக்கையாளர் கேட்கிற மாதிரிக் கல்லை எடுத்து நீட்டுவது அவள் வேலை. காலையில் டவுன் பஸ் ஏறினால் இரவு ஏழு மணிக்குத்தான் திரும்புவாள். அங்கே என்னதான் செய்கிறாய் என்று பெரியசாமி ஒருநாளும் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் கட்டைப்பை நிறைய உடைந்த டைல்ஸ் துண்டுகளைக் கொண்டுவந்து கொல்லைப்புறத்தில் கொட்டுவாள். கடையில் தூக்கி எறிகிற உடைசல் அது. அவனுக்கு அது குப்பை. அதற்கு மேல் அதைப் பற்றி அவன் நினைத்ததில்லை.

பக்கத்துச் சுவர் உப்புப் பூத்திருந்தது. மின்விசிறி சுற்றினால் வெள்ளைப் பொடி பறந்து அவனுடைய கஞ்சிக் கிண்ணத்தில் விழுந்தது. இரண்டொரு முறை அதைச் சொல்லிக் கத்தினான். மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் சம்பூர்ணம் அவன் மீது ஒரு பழைய போர்வையைப் போர்த்திவிட்டு, இரும்புத் தகடு ஒன்றால் சுவரைச் சுரண்டத் தொடங்கினாள். பெயின்ட் அடித்த பகுதியெல்லாம் அப்பளம்போல் உரிந்து விழுந்தது. சுரண்டிய சுவரைக் கழுவிப் பத்து நாள் காயவிட்டாள்.

"பெயின்ட் வாங்கியாரச் சொல்லவா?" என்று கேட்டான்.

"இந்தச் சொவத்துக்கு பெயின்ட் ஆவாதுங்க. உள்ள இருக்குற ஈரம் வெளிய போவ வழி வேணும். பெயின்ட் வழிய அடைச்சிடும். அதான் பொடைச்சிக்கிட்டு உரியுது. சுண்ணாம்பு அடைக்காது."

"யாரு சொன்னா?"

"எத்தனை பேரு கடைக்கு வந்து பொலம்பிட்டுப் போறாங்க. காதுல வுழாதா?"

சுண்ணாம்பை இரண்டு நாள் தண்ணீரில் ஊறவைத்து, அவனுடைய கிழிந்த பனியன் துணியில் வடிகட்டினாள். ஒரு பிடி உப்பும், சிறிது ஃபெவிகாலும், மஞ்சள் காவிப் பொடியும் சேர்த்துக் கலக்கிச் சுவரில் பூசினாள். பிறகு அவனுடைய கட்டிலுக்கு அடியில் இருந்த மருத்துவமனைப் பையை எடுத்து, அதிலிருந்து ஓர் எக்ஸ்ரே படத்தை உருவினாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்ததும் பெரியசாமி முழங்கையை ஊன்றி நிமிர்ந்தான்.

"ஏ, அது என் காலு."

"காலு ஒங்ககிட்டதான் இருக்கு. இது படம்."

"டாக்டரு கேட்டா?"

"அவருக்கு ஆபரேஷன் முடிஞ்சப்புறம் எடுத்த படந்தான் வேணும். ஒடஞ்சி கெடந்த காலைப் பாத்து இனிமே என்ன பண்ணப் போறாரு."

முறிந்த எலும்பின் நடுவிலேயே கத்தரியை ஓட்டி, நீண்ட இலை ஒன்றின் வடிவத்தை வெட்டியெடுத்தாள். இலை போன இடத்தில் துளை நின்றது. மஞ்சள் பூச்சு ஆறியதும் அந்தப் படத்தைச் சுவரில் வைத்து, கிழிந்த மெத்தையின் பஞ்சுத் துண்டால் வெள்ளைச் சுண்ணாம்பை ஒற்றி எடுத்தாள். சற்றுத் திருப்பி வைத்து மறுபடி ஒற்றினாள். மறுபடி. மாலைவரை அதையே செய்தாள். அவளுக்குத் துணையாகப் படத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவள் மகள் சிவரஞ்சனி. பெரம்பலூரில் நர்சிங் முதலாண்டு படிப்பவள், ஞாயிறுதோறும் விடுதியிலிருந்து வீட்டுக்கு வருவாள்.

விளக்கேற்றும் நேரத்தில் பெரியசாமி சுவரைப் பார்த்தான். அழுக்கு மஞ்சளில் ஈரத் திட்டுகள் மட்டுமே தெரிந்தன. ஒருநாள் உழைப்பு பாழ் என்று எண்ணிக்கொண்டான்.

ஈரமாக இருக்கும்வரை சுண்ணாம்பு தன் நிறத்தைக் காட்டாது என்பது அவனுக்குத் தெரியாது. மறுநாள் காலை கண் விழித்தபோது, வாசல் வழியாக வந்த வெயில் சுவரின் மேல் பாதியில் விழுந்திருந்தது. பழுத்த எலுமிச்சை நிறத்துச் சுவரின் மீது வெள்ளை இலைகள் நூற்றுக்கணக்கில் நின்றன. ஒன்றுபோல் ஒன்று சாயவில்லை. கீழே நேராக நின்றவை மேலே போகப் போகச் சற்றே சரிந்து, தலைமாட்டுச் சன்னல் பக்கம் வந்ததும் முழுதும் படுத்துவிட்டன. காற்று சன்னல் வழியாக உள்ளே வந்து சுவரைத் தடவிக்கொண்டு போயிருந்தால் அப்படித்தான் இருக்கும். அவன் நெடுநேரம் பார்த்தான். தன் உடைந்த காலிலிருந்து வெட்டிய இலை அது என்ற நினைப்பு வந்தபோது கை தானாகத் தொடைக்குப் போனது. சம்பூர்ணம் அதற்குள் பஸ்ஸுக்குப் போய்விட்டிருந்தாள்.

பங்குனி பிறந்ததும் வாக்கர் வைத்து நடக்கலாம் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். அலுமினிய வாக்கர் ஒன்று வீட்டுக்கு வந்தது. முதல் நாள் மூன்றடி வைத்தான். நான்காவது அடியில் வாக்கரின் முன்கால் தரையிலிருந்த குழிக்குள் இறங்கியது. இருபது ஆண்டுப் பழைய சிமெண்டுத் தரை. அறை முழுதும் பெயர்ந்து, உள்ளங்கை அகலக் குழிகள் விழுந்து கிடந்தது. பெரியசாமி பக்கவாட்டில் சரிந்தான். எலும்புக்குள் இருந்த கம்பி நகரவில்லை என்று மறுநாள் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள். ஆனால் அவனுக்குள் ஏதோ நகர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு காலைக் கீழே வைக்க மறுத்துவிட்டான்.

மருத்துவமனையில் பிசியோதெரபி பார்க்கும் மேகலா அவனுடைய முழங்காலை மடக்கிப் பார்த்துவிட்டு, ஒளிவு மறைவில்லாமல் சொன்னாள்: "அண்ணே, எலும்பு சேந்துடுச்சு. இப்ப முட்டிதான் பிரச்சினை. இன்னும் ஆறு வாரத்துல ஊனி நடந்து பழகலன்னா இப்படியே இறுகிடும். அப்புறம் நீங்களே நடக்கணும்னு நெனச்சாலும் அது மடங்காது. டிராக்டர்ல கிளட்ச் மிதிக்கவே முடியாது."

"நடக்குறேம்மா," என்றான் பெரியசாமி. வீட்டுக்கு வந்து கட்டிலில் ஏறிச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். சிவரஞ்சனி கெஞ்சினாள். வெளியே தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போய் நிறுத்தி நடத்தலாம் என்றாள்.

"ஊரு கூடி வேடிக்கை பாக்கவா? வேணாம் பாப்பா."

"அப்ப வூட்டுலயாவது நடங்கப்பா."

"இந்தத் தரையிலயா?" என்று கேட்டுவிட்டு அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

சம்பூர்ணம் அடுப்படி வாசலில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அறைக்குள் வந்து குந்தி உட்கார்ந்து, விரல் முட்டியால் தரையை அங்கங்கே தட்டிப் பார்த்தாள்.

"தரைதான பயம். தரைய மாத்திடுவோம்," என்றாள்.

கடையில் பத்து நாள் விடுப்புச் சொன்னாள். கொத்தனார் வைக்க வழியில்லை. கல் வாங்கவும் வழியில்லை. ஆனால் ஒன்பது ஆண்டு உடைசல் கொல்லையில் குவிந்திருந்தது. வாங்க வேண்டியவை சிமெண்டும் எம்-சாண்டு மணலும் மட்டுமே. சிமெண்டைக் கொண்டுவந்தவன் அவளுடைய தம்பி அரியமுத்து. ஆலத்தியூர் சிமெண்டு ஆலையில் பன்னிரண்டு ஆண்டுகளாக லாரியில் மூட்டை ஏற்றுகிறவன். மூட்டைகளோடு அறிவுரையையும் சேர்த்து இறக்கினான்.

"ஒண்ணுக்கு நாலு மணலா? யாருக்கா சொன்னா? கொத்தனாருங்க சிமெண்ட மிச்சம் புடிக்கச் சொல்ற கணக்கு அது. நாங்கல்லாம் சிமெண்ட மூச்சுல இழுக்குற ஆளுங்க. சரிக்குச் சரி போடு. பாறையா நிக்கும்."

"வெடிக்காதாடா?"

"கெட்டியா இருக்குறது எப்படி வெடிக்கும்? மாமா, நீங்க சொல்லுங்க."

"நான் என்னத்தக் கண்டேன் மாப்ள. சிமெண்ட் ஊருக்காரன் நீ, நீயே சொல்லு," என்றான் பெரியசாமி.

சிமெண்ட் ஆலையை அண்டிய ஊர்களில் இந்த நம்பிக்கை பரவலாக உண்டு. நாள் முழுதும் சிமெண்டு மூட்டை சுமக்கிறவனுக்கு அதைக் குறைத்துப் போடுவது கஞ்சத்தனமாகத் தோன்றும். கலவை கூடினால் உறுதி கூடும் என்று அவன் சத்தியம் செய்வான். அது இறுகுகையில் சுருங்கும் என்பதையும், சுருங்கினால் பிளக்கும் என்பதையும் மூட்டை சொல்லாது. சம்பூர்ணத்துக்கு ஐயம் இருந்தது. ஆயினும் தம்பி சொல்லைத் தள்ளவில்லை. கட்டிலை வாசல் பக்கம் நகர்த்திவிட்டு, உள்பாதித் தரையைக் கொத்தி, சரிக்குச் சரி கலந்து, துண்டுகளைப் பதித்து முடித்தாள். போகும்போது அரியமுத்து மின்விசிறியை ஐந்தாம் எண்ணில் திருப்பி வைத்துவிட்டுப் போனான். சீக்கிரம் காயும் என்றான்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் பெரியசாமி கண் விழித்தபோது, சம்பூர்ணம் தரையில் முழந்தாளிட்டுக் காதைத் தரையோடு சேர்த்து வைத்திருந்தாள். ஒரு கல்லைத் தட்டினாள். அடுத்த கல்லைத் தட்டினாள். கல்லுக்குக் கல் நகர்ந்துகொண்டே போனாள்.

"என்ன பண்ற?"

"கேளுங்க." ஓரிடத்தில் தட்டினாள். டக் என்றது. ஒரு சாண் தள்ளித் தட்டினாள். அவனுக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டன.

"நல்லாக் கேளுங்க. இது கல்லு. இது பொக்கு."

மூன்றாவது முறை அவனுக்கும் கேட்டது. இரண்டாவது ஓசைக்குள் மிக மெல்லிய வெறுமை ஒன்று இருந்தது.

"இது எப்படி ஒனக்குக் கேக்குது?"

"பொட்டி எறக்கும்போது பிரிச்சா பாக்க முடியும்? மேல தட்டினா உள்ள எத்தனையாவது கல்லு ஒடஞ்சிருக்குன்னு தெரியும். மொதலாளியே என்னையத்தான் கூப்புடுவாரு."

அவள் அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. சோறு வடிப்பதைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள். பெரியசாமி அவளுடைய காதைப் பார்த்தான். பத்தொன்பது ஆண்டு அந்தக் காதோடு ஒரே வீட்டில் குடியிருந்திருக்கிறான்.

வெயில் ஏறியதும் கண்ணுக்கும் தெரிந்துவிட்டது. கல்லிடுக்குகளில் முடியளவு விரிசல்கள் அறை நெடுக ஓடின. சாயங்காலம் வந்த அரியமுத்து குந்தி, விரிசல் ஒன்றை நகத்தால் நெருடிப் பார்த்தான்.

"எறையூரு தண்ணி சரியில்லக்கா," என்றான் கடைசியில்.

"தண்ணி மேல ஏண்டா பழி போடுற? ஒன் ஃபேன் காத்துல அது நாக்கு வறண்டு செத்துப் போச்சு. கடப்பாரைய எடு. ஒடைச்சி வெளிய கொட்டு."

அரியமுத்து உடைத்தான். இரண்டு நாள் உடைத்தான். உடைத்த கலவையிலிருந்து கற்களைப் பிரித்து, ஒட்டியிருந்த சிமெண்டைச் சுரண்டிக் கழுவி எடுக்க மேலும் பல நாட்கள் ஆயின. மேகலா சொன்ன ஆறு வாரத்தில் இரண்டரை வாரம் ஓடிவிட்டது. முழங்கால் முன்பைவிடக் குறைவாகவே மடங்கியது. கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிடும்போதெல்லாம் பெரியசாமிக்கு அது தெரிந்தது, சம்பூர்ணத்துக்கும் தெரிந்தது. அவள் வேகமாக வேலை செய்தாளே தவிர, வேலையைக் குறுக்கவில்லை.

அவளுடைய ஒழுங்கு அவனுக்கு அச்சமூட்டும் அளவுக்குத் துல்லியமாக இருந்தது. பழைய தரையைக் கொத்திக் கழுவி, ஈரம் ஊறவிட்டாள். சிமெண்டைப் பால்போல் கரைத்து மேலே தெளித்தாள். ஒரு பங்கு சிமெண்டுக்கு நான்கு பங்கு மணல் கலந்தாள். ஒரு முழச் சதுரத்துக்கு மேல் கலவையைப் பரப்பமாட்டாள். பரப்பியது இறுகுமுன் கற்களைப் பதித்துவிட வேண்டும். பதித்ததும் மட்டப்பலகையை மேலே வைத்து மென்மையாகத் தட்டுவாள். ஒரு கல் நூலளவு உயர்ந்தாலும் எடுத்துவிட்டு மறுபடி பதிப்பாள்.

அவனுக்கும் வேலை கொடுத்தாள். மடியில் பலகையைப் போட்டு, துண்டுகளைக் கொட்டி, சாணைக்கல் ஒன்றையும் கையில் தந்தாள். கூரான விளிம்புகளைத் தேய்த்து மழுக்க வேண்டும். பிறகு பிரித்து அடுக்க வேண்டும். அவன் சிவப்பைத் தனியாக, நீலத்தைத் தனியாக, பச்சையைத் தனியாகப் பிரித்தான். சம்பூர்ணம் வந்து பார்த்துவிட்டு எல்லாவற்றையும் ஒன்றாகக் கலைத்தாள்.

"ஏன் கலைச்ச?"

"கலரு பாத்துப் பிரிக்கக் கூடாதுங்க. கண்ணப் பாதி மூடிக்கிட்டுப் பாருங்க. கலரு போயிடும். இருட்டு எது, வெளிச்சம் எதுன்னு மட்டும் நிக்கும். அதுப்படி பிரிங்க."

அவன் இமைகளைத் தாழ்த்திப் பார்த்தான். அடர்சிவப்பும் கருநீலமும் ஒரே இருட்டாயின. வெளிர்பச்சையும் சந்தன நிறமும் ஒரே வெளிச்சமாயின. கண்ணைத் திறந்தான், நிறங்கள் திரும்பி வந்து சண்டையிட்டன. மறுபடி தாழ்த்தினான், அவை அடங்கின.

"இத ஒனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரு சொல்லிக் குடுக்கணும்? தெனம் ஆயிரம் கல்லைத் தொடைக்கிறேன். சாயங்காலம் கண்ணு தூங்கும்போது அப்படித்தான் தெரியும்."

சித்திரை முதல் வாரத்தில் உள்பாதி முடிந்தது. ஏழு நாள் ஈரச் சாக்கு போர்த்திக் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தாள். எட்டாம் நாள் அரியமுத்துவும் இன்னும் மூவரும் சேர்ந்து பெரியசாமியைக் கட்டிலோடு தூக்கி அதன் மீது வைத்தார்கள். அன்று மத்தியானம் அவன் கையைக் கீழே தொங்கவிட்டுத் தரையைத் தொட்டுப் பார்த்தான். சுவரோரத்துக் கற்கள் கண்ணாடிபோல் வழுவழுத்தன. அறையின் நடுவில் இரண்டடி அகலத்துக்கு மட்டும் கற்கள் சொரசொரப்பாக இருந்தன. குளியலறைக்கும் கார் நிறுத்துமிடத்துக்கும் போடும், கால் வழுக்காத கல் அது. ஒரு துண்டு விடாமல் பொறுக்கி, கட்டிலிலிருந்து வாசல் நோக்கி, வாக்கரின் அகலத்துக்குச் சரியாகப் பதித்திருந்தாள். இடுக்குகளை வெள்ளைச் சிமெண்டால் நிரப்பி, இறுகுமுன் துடைத்துவிட்டிருந்ததால், கல் எங்கே முடிகிறது, இடுக்கு எங்கே தொடங்குகிறது என்று விரலுக்கே தெரியவில்லை. தடுக்க அங்கே ஒன்றுமில்லை.

அவன் கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தான்.

வாசல்பாதியைச் சம்பூர்ணம் நான்கு நாளில் முடித்தாள். விடுப்பு தீர்ந்துபோனதால் விடியலில் இரண்டு மணி நேரமும், கடையிலிருந்து வந்த பிறகு சிறிது நேரமும் வேலை நடந்தது. கட்டிலில் படுத்தபடி பெரியசாமி பார்த்துக்கொண்டே இருந்தான். படுத்த கண்ணுக்குத் தரை சாய்வாகத்தான் தெரியும். கற்களின் பக்கவாட்டுப் பளபளப்பும் ஈரமும் மட்டும் எட்டின. அவள் என்ன கோலத்தில் பதிக்கிறாள் என்று பிடிபடவில்லை. கேட்டால், "தரைங்க," என்று மட்டும் சொன்னாள். பிறகு அந்தப் பாதியையும் ஈரச் சாக்குகள் மூடிவிட்டன.

சாக்குப் போட்ட மூன்றாம் நாள் காலை, அவள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோது அவன் மெதுவாகச் சொன்னான்: "சம்பூர்ணம், வாக்கர எடுத்துக் குடு."

அவள் குடத்தை இறக்கி வைத்தாள். "எதுக்கு?"

"நடந்து பாக்குறேன்."

ஆறு வாரமாக அந்த ஒரு சொல்லுக்காக அவளும் மகளும் ஏங்கியிருந்தார்கள். சம்பூர்ணத்தின் முகத்தில் ஏதோ வந்து போனது. ஆனால் அவள் தலையை ஆட்டினாள்.

"ஆவாது. இன்னும் நாலு நாளு கெடக்கு."

"இந்தப் பாதிதான் காஞ்சிடுச்சே. இதுல நடக்குறேன்."

"இதுல ஏழடிதான் இருக்கு. நாலு எட்டு வச்சா ஈரத்துல போயி நிப்பீங்க. அங்க வாக்கர ஊனினா கல்லு எறங்கிடும். மறுபடி பள்ளம். மறுபடி நீங்க வுழுவீங்க."

"மேகலா பொண்ணு சொன்ன கெடு முடியப் போவுது."

"கெடுவுக்கு இன்னும் அஞ்சு நாளு இருக்கு. எனக்கு நாலு போதும்."

அந்த நான்கு நாளும் பெரியசாமி கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு முழங்காலை மடக்கி நீட்டினான். யாரும் சொல்லாமலே செய்தான். அரியமுத்து வந்தவன் அதைப் பார்த்துவிட்டு, "என்ன மாமா, டிராக்டர் பந்தயத்துக்குப் போறீங்களா?" என்றான்.

"நீ போட்ட தரையா இருந்தா இந்நேரம் சுடுகாட்டுக்குப் போயிருப்பேன் மாப்ள," என்றான் பெரியசாமி. சம்பூர்ணம் சிரித்தாள். அவள் சிரித்து அவன் கேட்டு மாதங்கள் ஆகியிருந்தன.

ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. சிவரஞ்சனி சாக்குகளைச் சுருட்டி வெளியே போட்டாள். சம்பூர்ணம் அறை முழுதும் கழுவித் துடைத்துவிட்டு, உலரும்வரை ஒருவரையும் அறைக்குள் கால் வைக்க விடவில்லை. பத்து மணிக்கு வாக்கரைக் கொண்டுவந்து அவன் முன் வைத்தாள். தோளைப் பிடிக்கவில்லை, ஒருபுறமாகச் சுவரோரம் குந்தி, கல்லில் படிந்திருந்த ஒரு வெண்திட்டைச் சுரண்டத் தொடங்கினாள். மகள்தான் பின்னால் நின்றாள்.

பெரியசாமி வாக்கரைப் பற்றினான். வலக்காலில் எடையை ஏற்றி, இடக்காலை ஊன்றி, எழுந்து நின்றான். குழிக்குள் வாக்கர் இறங்கிய அந்த ஓசை காதுக்குள் ஒருகணம் கேட்டது. தரையைப் பார்த்தே ஆக வேண்டும் என்று குனிந்தான்.

குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

நின்ற உயரத்திலிருந்து அந்தத் தரையை அவன் அதுவரை பார்த்ததே இல்லை. காலடியில் கற்கள் கருநீலமும் கரும்பச்சையும் மண்சிவப்புமாக அடர்ந்து கிடந்தன. கட்டிலை விட்டு அப்பால் போகப் போக ஒவ்வொரு முழத்துக்கும் அந்த அடர்த்தி ஒரு நூல் குறைந்தது. எங்கே குறைந்தது என்று கோடு கிழித்துக் காட்ட முடியாது. சாம்பல் வந்தது, சந்தனம் வந்தது, வெளிர்நீலம் வந்தது. வாசற்படிக்கு அருகே கற்கள் அனைத்தும் வெளுத்து, வெளியே இருந்த வெயிலோடு கலந்துவிட்டன. தரை எங்கே முடிகிறது, வெயில் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. எந்தப் பூவும் அதில் இல்லை. எந்த உருவமும் இல்லை. அவன் அறிந்த எதைப் போலவும் அது இல்லை. கடையில் தூக்கி எறிந்த ஆயிரக்கணக்கான துண்டுகள், ஒன்றுக்கொன்று ஒட்டோ உறவோ இல்லாதவை, ஒரே மூச்சாக இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. அவற்றில் பாதியை அவன் கையாலேயே பிரித்துக் கொடுத்திருந்தான். இப்படி ஆகும் என்று அவனுக்குத் தோன்றியதில்லை. அவளுக்கு மட்டும் தெரிந்திருந்தது.

"அப்பா, வலிக்குதா?" என்றாள் சிவரஞ்சனி.

அவன் வாக்கரை முன்னே வைத்தான். அது டக்கென்று நின்றது, அசையவில்லை. ஓரடி வைத்தான். கரும்பச்சை பின்னால் போனது. இன்னோரடி. முழங்கால் மடங்க மறுத்து இழுத்தது. நெற்றியில் வியர்வை முத்திட்டது. கட்டில் கிடந்த இடத்துக்கும் அடுத்த பாதிக்கும் நடுவே, இரண்டு முறையாகப் போட்ட தரை சேரும் இணைப்பு எங்கேயோ இருக்க வேண்டும். அதைத் தேடிக்கொண்டே நடந்தான். தேடி முடிப்பதற்குள் அதைத் தாண்டிவிட்டிருந்தான். சாம்பல் நிறத்தில் சற்று நின்று மூச்சு வாங்கினான். சந்தனத்தில் முழங்கால் முதல்முறையாகச் சற்றே இளகியது, வலி உயிர்போகும்போல் இருந்தது, அவன் நிற்கவில்லை. வெளுத்த கற்களுக்கு வந்தபோது கால்விரல்களில் வெயில் சுட்டது.

வாசலை எட்டிவிட்டான். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, தெருவுக்கு முதுகைக் காட்டும் விதமாக வாக்கரைத் திருப்ப முயன்றான்.

"என்ன பண்றீங்கப்பா? திரும்புறது அடுத்த வாரந்தான்னு மேகலா மேடம் சொன்னாங்க," என்று பதறினாள் மகள். "இருங்க, நாற்காலி கொண்டாறேன்."

"இரு பாப்பா."

நான்கு சிறு அசைவுகளில், ஒவ்வொன்றுக்கும் உதட்டைக் கடித்துக்கொண்டு, அவன் திரும்பினான். இப்போது வெளிச்சம் அவன் காலடியில் இருந்தது. தரை அங்கிருந்து புறப்பட்டு, மெல்ல மெல்ல ஆழ்ந்து, அறையின் உள்கோடியில் கிணற்று நீர்போல் இருண்டு கிடந்தது. சுவரில் இலைகள் சாய்ந்திருந்தன. அவற்றுக்குக் கீழே அவன் மனைவி, பாதி சுரண்டிய கல்லின் மீது கையை ஊன்றி, அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவளுடைய விரல் நுனிகள் சிமெண்டு தின்று வெடித்திருந்தன.

"பாத்தது போதும், உக்காருங்க," என்றாள் சம்பூர்ணம். "மொத நாளே எதுக்கு இவ்வளவு."

"இன்னும் பாக்கல," என்றான் பெரியசாமி.